வாங்கின தோட்டாவும் வீட்டில் அடைத்த தோட்டாவும்

நம்ம புதுச்சேரியில் சொல்தா வீடுகள் எத்தனை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெருவுக்கு இரண்டு பேராவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள். என் மனைவியின் அண்ணன் அதில் ஒருவர். 1957-ல், பத்தொன்பது வயதில் சேர்ந்தார். ஓய்வுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பாமல் தென் பிரான்சில் ஃப்ரெழூஸ் பக்கமே வீடு வாங்கித் தங்கிவிட்டார். பழைய காலனிப் படைகளின் ஊர் அது. அங்கே நம்மாட்கள் குரல் கேட்காத நாளே இல்லை என்பார்.

அவருக்குப் பயிற்சியில் கொடுத்தது மாஸ் 36 என்ற துப்பாக்கி. சேந்த் எத்தியேன் தொழிற்சாலையில் செய்தது. 7.5 மில்லிமீட்டர் தோட்டா, ஐந்து கொள்ளும். சின்ன உருவம், பெரிய உதை. பிரான்சில் இந்த மாதிரி ராணுவ அளவுத் துப்பாக்கிகள் வெகுகாலம் போர் ஆயுதம் என்ற வகுப்பில் இருந்தன. 2013 செப்டம்பரில் அந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள். குறி சுடும் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் வாங்கிப் பதிவு செய்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. எழுபத்தைந்து வயதில் மச்சான் போய் ஒன்று வாங்கிவிட்டார். "மாப்பிள்ளை, பழைய சிநேகிதன் திரும்பி வந்துட்டான்" என்று போனில் சொன்னார். அண்ணிக்கு இதில் துளியும் சந்தோஷமில்லை.

நான் வேலையில் இருந்தபோது சில வருஷம் ஆயுத உரிமப் பிரிவில் உட்கார்ந்தவன். உரிமத்தில் தோட்டாவுக்கு இரண்டு கட்டம் இருக்கும். ஒரே சமயத்தில் எத்தனை வைத்திருக்கலாம், வருஷம் முழுக்க எத்தனை வாங்கலாம். நம் நாட்டில் ராணுவ அளவுத் தோட்டா தனியாருக்குக் கிடையாது. தோட்டா தயாரிக்க 1959-ம் வருஷத்துச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். ஆகையால் 2014-ல் அங்கே போனபோது, அவர் வீட்டுக் கீழறையில் மேசைமேல் ஒரு இரும்பு பிரெஸ்ஸும் தராசும் இருந்ததைப் பார்த்து என் குமாஸ்தா மனது திடுக்கிட்டது. "பயப்படாதீங்க, இங்கே இது குற்றமில்லை" என்று சிரித்தார்.

முதலில் அவர் வாங்கிச் சுட்டது ராணுவம் கழித்துவிட்ட பழைய தோட்டா. சுர்ப்ளூ என்பார்கள். அட்டைப் பொட்டலத்தில் வரும். அதன் அடியில் பார்த்தால் எந்த வருஷம், அந்த வருஷத்தில் எந்தக் காலாண்டு என்றுகூடப் பொறித்திருப்பார்கள். கோப்பில் தேதி போடாமல் அனுப்புகிறவர்களோடு மல்லுக்கட்டிய எனக்கு அதைப் பார்க்கவே மகிழ்ச்சி. ஒரு பொட்டலத்தில் 57 என்று இருந்தது. மச்சான் அதை மட்டும் சுடாமல் வைத்திருந்தார். "நான் சேர்ந்த வருஷம். யார் செய்தானோ, அவன் இருக்கிறானோ இல்லையோ."

கழித்த தோட்டா மலிவு, அது ஒன்றுதான் அதன் பெரிய குணம். குறைகள் பல. சில நேரம் விசையை இழுத்தால் "டிக்" என்று மட்டும் கேட்கும். அப்போது உடனே திறக்கக் கூடாது. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும். குறிப்பலகையை நோக்கியபடியே பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். நான் பின்னால் நின்று எண்ணியிருக்கிறேன், முப்பது அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொன்று துரு. அந்தக் காலத்து ராணுவத் தோட்டாக்கள் பலவற்றில் அடியில் உள்ள பொட்டில் பொட்டாசியம் குளோரேட் சேர்த்திருப்பார்கள். அது எரிந்தபின் குழலுக்குள் ஒரு வகை உப்பாகப் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பு அரித்துப் போகும். நம்ம கடற்கரை வீதி வீடுகளின் ஜன்னல் கம்பி கதைதான். எண்ணெய் போட்டுத் துடைத்தால் உப்பு போகாது, தண்ணீரில்தான் கரையும். ஆகவே மச்சான் சுட்டு வந்ததும் முதல் வேலையாகக் கெட்டிலில் வெந்நீர் வைத்துத் துப்பாக்கிக் குழலுக்குள் ஊற்றுவார். அப்புறம் துடைத்துக் காயவைத்து எண்ணெய். "காப்பிக்கு வெந்நீர் இல்லை, துப்பாக்கிக்கு இருக்கு" என்று அண்ணி.

ராணுவம் அந்த 7.5 அளவை எப்போதோ கைவிட்டுவிட்டது. கழித்த சரக்கு தீரத் தீர, புதிதாக வந்து சேர வழியில்லை. அதனால் சங்கத்தில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமே அடைக்கும் பக்கம் போனார்கள்.

வீட்டில் அடைப்பது என்றால், சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வருவது. பழைய பொட்டைத் தள்ளி எடுக்க வேண்டும். வெடிப்பில் உப்பிய கூட்டை பிரெஸ்ஸில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். நீண்டிருந்தால் கழுத்தைச் சீவ வேண்டும். புதுப் பொட்டு, நிறுத்த மருந்து, மேலே குண்டு. பொட்டுக்கு பிரெஞ்சில் அமோர்ஸ். நாம் சின்ன வயதில் தீபாவளிக்கு வெடித்த பொட்டு வெடிக்கும் அதே பேர்தான், லிசேயில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

ராணுவக் கூட்டை மறுபடி அடைப்பது சுலபமில்லை. பெரும்பாலும் பெர்டான் வகை: அடியில் இரண்டு சின்னத் துளை, நடுவில் ஒரு மேடு. பழைய பொட்டை ஊசியால் நேரே தள்ள முடியாது. பாக்ஸர் வகையில் நடுவில் ஒரே துளை, ஒரு தட்டில் வெளியே வந்துவிடும். வேடிக்கை என்னவென்றால் பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்கரின் முறை ஐரோப்பிய ராணுவங்களுக்குப் போயிற்று, ஆங்கிலேயரின் முறையை அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டார்கள். செர்பியாவின் ப்ர்வி பார்ட்டிசான் கம்பெனி 7.5-ஐ பாக்ஸர் கூட்டில் புதிதாகச் செய்து விற்கிறது. மச்சான் அதில் சில பெட்டி வாங்கிச் சுட்டு, அந்தக் கூடுகளைத்தான் திரும்பத் திரும்ப அடைத்தார்.

மிச்சமாகிறதா என்று கேட்டேன். தோட்டாவில் விலை கூடியது பித்தளைக் கூடுதான். அது பல முறை வரும் என்பதால் ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவு நிச்சயம் குறைவு. மருந்து ஒரு தோட்டாவுக்கு 3 கிராமுக்குள்தான், ஒரு கிலோவில் முந்நூற்றுச் சொச்சம் அடைக்கலாம். ஆனால் பிரெஸ், தராசு, அச்சு, அளவுகோல் என்று முதலில் போட்ட பணத்தை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. தவிர, மலிவாகிவிட்டது என்று முன்பைவிட அதிகம் சுட்டார். என் கணக்குப்படி மாதச் செலவு கூடத்தான் கூடியிருக்கும். சொன்னேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

அவருக்கு உண்மையான லாபம் வேறு. தோள். எண்பதை நெருங்கும் தோளுக்கு அந்தத் துப்பாக்கியின் முழு உதை தாங்காது. கடைத் தோட்டாவோ கழித்த தோட்டாவோ முழுப் பலத்தில்தான் வரும். வீட்டில் அடைத்தால் வேறு ரக மருந்தைக் குறைவாகப் போட்டு, லேசான குண்டு வைத்து, 50 மீட்டருக்குப் பதமாகச் செய்துகொள்ளலாம். அவர் சுடுவதை நிறுத்தாமல் இருந்தது இதனால்தான்.

ஆபத்தும் இதில்தான். முழு அளவு போடும்போது கூடு ஏறக்குறைய நிரம்பிவிடும், தவறி இரண்டாம் தடவை போட்டால் வழிந்து காட்டிக்கொடுக்கும். குறைந்த அளவில் கூடு பாதிகூட நிரம்பாது. இரண்டு தடவை விழுந்தாலும் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். அதைச் சுட்டால் துப்பாக்கி முகத்துக்குப் பக்கத்தில் பிளந்துபோகலாம். அதனால் அவர் வைத்திருந்த சட்டங்கள்: மேசைமேல் ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். போன் அணைத்திருக்கும். பேச்சுக் கிடையாது. ஐம்பது குழி வைத்த கட்டையில் கூடுகளை நிறுத்தி, மருந்து போட்டு முடித்ததும் டார்ச் அடித்து ஒவ்வொன்றாய் உள்ளே பார்ப்பார். பிறகு நோட்டில் தேதி, மருந்து, எடை, எண்ணிக்கை. பிறர் அடைத்த தோட்டாவைச் சுட மாட்டார், தன்னுடையதைப் பிறருக்குக் கொடுக்கவும் மாட்டார்.

2018-ல் மறுபடி போயிருந்தேன். ஒரு நாள் கீழறைக்குப் போனவர் வெகுநேரமாக மேலே வரவில்லை. இறங்கிப் பார்த்தேன். கட்டையில் ஐம்பதும் நிற்கிறது, டார்ச் கையில் இருக்கிறது, மனிதர் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். "எதுவரைக்கும் போட்டேன்னு தெரியல மாப்பிள்ளை. பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரியுது." ஐம்பதையும் ஒன்றொன்றாய் டப்பாவில் கொட்டினார். கை நடுங்கவில்லை. முகம்தான் சரியாக இல்லை.

மறுநாள் என்னையும் கூட்டிப் போய் உட்கார வைத்தார். அவர் போட, நான் ஒவ்வொரு கூட்டையும் பார்த்து, பத்துக்கு ஒரு தடவை நோட்டில் சுருக்கொப்பம் வைத்தேன். முப்பத்தைந்து வருஷம் ஆபீசில் செய்த வேலைதான். இருந்த மூன்று வாரத்தில் நானூறு தோட்டா அடைத்தோம். கிளம்பும்போது கேட்டேன், நான் போனபின் யார் பார்ப்பார்கள் என்று.

"இது தீர்ந்தா பெட்டி வாங்கிக்கிறேன்" என்றார்.

முழு உதைத் தோட்டாவை அவர் தோள் தாங்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் பிரெஸ்ஸைச் சங்கத்தில் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டதாகப் போனில் சொன்னார். நோட்டை மட்டும் கொடுக்கவில்லையாம். அடைத்த நானூறில் அப்போது அறுபது பாக்கி இருந்தது. மாதம் ஐந்து வீதம் சுடுகிறேன் என்றார்.