யானைத்தீயும் எடைக்கருவியும்

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். முனிவர் ஒருவரின் நாவற்கனியைச் சிதைத்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் 'யானைத்தீ' என்னும் நோயால் வாடியவள் அவள். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி அது. இன்று நம் வீடுகளில் நிலவும் துன்பமோ அதற்கு நேர்மாறானது. எவ்வளவு குறைத்து உண்டாலும் இறங்காத எடை. பசிப்பிணிக்கு அமுதசுரபி கண்ட நம் காப்பியம் இதற்கொரு பாத்திரம் தரவில்லை.

கீரிப்பாறையில் குடியிருக்கும் நாங்கள் இருவரும், ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் பள்ளி ஆசிரியை, எட்டு மாதங்களாக ஒரே உணவை உண்டு ஒரே பாதையில் நடந்து வருகிறோம். விடிந்ததும் காளிகேசம் செல்லும் சாலையில் ஒரு மணி நேர நடை. மதியச் சோறு பாதியாயிற்று. மாலைத் தேநீரோடு வந்த ஏத்தங்காய் உப்பேரி வீட்டை விட்டே போயிற்று. தேங்காய் வறுத்தரைக்கும் தீயல் வாரம் ஒருநாள் மட்டும். எட்டு மாத முடிவில் எங்களில் ஒருவருக்கு ஏழு கிலோ குறைந்தது. ஆசிரியைக்கோ ஒன்றரைக் கிலோ. அதுவும் ஐந்தாம் மாதத்தோடு நின்றுவிட்டது.

திருமண வீடொன்றில் உறவினர் ஒருவர் ஆசிரியையிடம் சொன்னார்: "மக்ளே, நடந்தா மட்டும் போராது, வாயைக் கட்டணும்." ஒரே பானைச் சோற்றை உண்டவர்களுள் மெலிந்தவருக்குப் பாராட்டும் மெலியாதவருக்கு ஐயப்பாடும் பரிசாகக் கிடைத்தன. ஊருக்கு இது வெறும் தோற்றம் பற்றிய பேச்சு. ஆசிரியையின் தாயார் நீரிழிவால் இரண்டு கால்விரல்களை இழந்தவர். எங்களுக்கு இது அழகு பற்றிய கவலை அன்று.

எடை ஏன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது? 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் அரைவயிற்று உணவளித்து ஆராய்ந்தார். அவர்கள் உடம்பு மெலிந்தது. அதனோடு, ஓய்வில் அது செலவிடும் ஆற்றலும் பெரிதும் சுருங்கியது. 2016இல் கெவின் ஹால் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியொன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறாண்டுகளுக்குப் பின் அளந்தபோது, அவர்தம் உடம்பு எதிர்பார்க்கத்தக்க அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது. உணவு குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்றே கொள்கிறது. கைப்பொருளைச் சிக்கனமாய்ச் செலவிடுகிறது. அச்சிக்கனம் எல்லா உடம்பிலும் ஒரே அளவினதன்று.

நாங்கள் நடக்கும் வேளையில் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள் பால்வெட்டில் இருப்பார்கள். ஆளுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள். மேடும் பள்ளமுமான நிலம். வெட்டிய பின் பாலெடுக்க மீண்டும் அதே நடை. அவர்களிலும் பருத்த உடம்பினர் உளர். அவர்களை உழைக்காதவர் என்று சொல்ல எவருக்கு நாவெழும்? தான்சானியாவின் அட்சா வேட்டைக்குடியினரை ஆராய்ந்து ஹெர்மன் பான்சர் குழுவினர் 2012இல் வெளியிட்ட முடிவு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நாள்தோறும் காட்டில் அலையும் அம்மக்களும் மேலைநாட்டு நகரவாசிகளும், உடல் அளவைக் கணக்கில் கொண்டால், ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றலையே செலவிடுகின்றனர்.

நம் மண்ணும் பசியறிந்த மண்தான். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரைப் பரப்பினார். 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றபோது இந்தக் கிழங்கே பல வீடுகளில் உலையேறியது. மரச்சீனி உண்டு பிள்ளை வளர்த்த பாட்டியரின் பேத்தியர்தாம் இன்று எடைக்கருவி மேல் நின்று கூனிக் குறுகுகின்றனர். அன்று பிழைக்க வைத்த சிக்கனம் இன்று பழிச்சொல்லுக்கு ஆளாகிறது.

சென்ற மாதம் இருவரும் குருதிச் சோதனை செய்துகொண்டோம். ஆசிரியையின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3 விழுக்காட்டிலிருந்து 5.8க்கு இறங்கியிருந்தது. நடக்கும்போது தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. இன்சுலினுக்கு உடம்பு செவிசாய்க்கும் திறனும் மேம்படுகிறது. எடை பெரிதும் குறையாவிடினும் இந்நன்மை உண்டு. நாங்கள் அஞ்சியது எந்த நோய்க்கோ அந்த நோய் ஓரடி பின்வாங்கியிருக்கிறது. எடைக்கருவி மட்டும் அதை அறியவில்லை.

ஆகவே அன்பர்களே, பருத்த உடம்பொன்றைக் காணும்போது அதன் உணவையும் உழைப்பையும் கண்ணால் அளந்துவிட்டதாக எண்ணாதிருப்போம். எடைக்கருவியை இப்போது பரண்மேல் வைத்துவிட்டோம். நடை தொடர்கிறது.