கரையோரக் கப்பலில் கடைசி மூன்று நாட்கள்

நார்வே நாட்டின் பெர்கன் நகரிலிருந்து, ரஷ்ய எல்லையை அடுத்த கிர்கனேஸ் வரை சென்று மீளும் கரையோரக் கப்பல் நாள்தோறும் ஒன்று புறப்படுகிறது. போகவும் வரவும் பன்னிரண்டு நாட்கள். வழியில் 34 துறைமுகங்கள். உலகின் பேரழகு வாய்ந்த கடற்பயணம் என விளம்பரம் செய்கின்றனர். அது பொய்யன்று. ஆயினும், லொஃபோட்டன் தீவுகளின் மலைகள் பின்னே மறைந்த பிறகு எஞ்சும் கடைசி மூன்று நாட்களே நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தவை. உடன் வந்தோரிற் பலர் அந்நாட்களைப் பெட்டி கட்டுவதிலும் உறங்குவதிலும் கழித்தனர்.

கால அட்டவணையை வகுத்தோர் ஒரு நன்மை செய்திருக்கின்றனர். வடக்கே செல்கையில் இரவில் கடந்த ஊர்களிற் பெரும்பாலானவை, திரும்புகையில் பகலில் வருகின்றன. முன்பு வெறும் விளக்குப் புள்ளிகளாய்த் தெரிந்தவை இப்பொழுது வீடுகளாகவும், துணி உலரும் முற்றங்களாகவும் தெரிந்தன.

பத்தாம் நாள் காலை வடதுருவ வட்டத்தைத் தாண்டினோம். சிறு பாறைத் தீவொன்றின்மேல் இரும்பாலான பூகோள உருண்டை அதற்கு அடையாளம். அதைக் கடந்ததும் பயணிகளுக்கு ஆளுக்கொரு கரண்டி மீன் எண்ணெய் ஊட்டுவது வழக்கம். சிறுவயதில் அதற்கஞ்சி ஓடி ஒளிந்த நம் வாசகர்களுக்கு அதன் சுவையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நண்பகலுக்குப்பின் சான்ட்நெஸ்ஷுவன் துறையில் மூதாட்டி ஒருவர் ஏறினார். ‘ஏழு சகோதரிகள்’ எனப்படும் சிகரங்களைப் படம் பிடிக்க நாமெல்லாரும் மேல்தளத்தில் முண்டியடித்துக்கொண்டிருக்க, அவரோ சன்னலை ஏறிட்டும் பாராமல் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அடுத்த துறையாகிய புரொன்னொய்சுண்டில் இறங்கி, எதிர்கொண்ட சிறுமியின் கைபற்றி நடந்தார். நமக்குக் காட்சியாயிருந்தது அவருக்குப் பேருந்து.

உண்மையில் இக்கப்பல் பிறந்ததும் அதற்காகவே. ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஹாம்மர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் குளிர்காலத்தில் ஐந்து மாதம் ஆன காலம் அது. வடபகுதியில் இருந்த கலங்கரை விளக்கங்கள் 28 மட்டுமே. இருளில் செல்ல இயலாதெனப் பிறர் மறுத்த பணியை ரிச்சர்ட் வித் எனும் கப்பல் தலைவர் ஏற்று, 1893 ஜூலை 2 அன்று ‘வெஸ்டெரோலன்’ நீராவிக் கப்பலைச் செலுத்தினார். திசையும் வேகமும் நேரமும் முன்பே குறித்து வைத்த குறிப்பேடுகளே அவருக்கு வழிகாட்டி.

அன்றிரவு ரோர்விக் துறையைவிட்டு ஃபோல்டா எனும் திறந்த கடலுக்குள் நுழைந்ததும் கப்பல் ஆடத் தொடங்கியது. உணவறையில் கோப்பைகள் கிணுகிணுத்தன; பேச்சு குறைந்தது. இதே கடலில்தான், 1962 அக்டோபர் 21 இரவில், இதே தடத்தில் ஓடிய ‘சாங்க்ட் ஸ்வித்துன்’ வழி தவறிப் பாறையில் மோதி மூழ்கியது. இருந்த 89 பேரில் 41 பேர் மாண்டனர். வழி தவறியது ஏன் என்பது இன்றளவும் விளங்கவில்லை. அவர்களிலும் கம்பளி பின்னியோர் இருந்திருப்பர். நாம் நெடுநேரம் உறங்காமல் செபமாலையோடு அமர்ந்திருந்தோம்.

பதினோராம் நாள் விடியலில் ட்ரொண்ட்ஹெய்ம். 1030-ஆம் ஆண்டு போரில் மடிந்த புனித ஓலாவ் அரசரின் கல்லறைமேல் எழுந்தது இங்குள்ள நிடாரோஸ் பேராலயம். ஒருகாலத்தில் திருப்பயணிகள் கடல் வழியாகவும் இவ்வூரை நாடி வந்தனர். 1537-இல் சமய மாற்றம் வந்தபின் அவரது வெள்ளிப் பேழை கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோய் உருக்கப்பட்டது. உடல் கிடக்குமிடம் இன்று எவருக்கும் தெரியாது. கதவு திறக்கும் முன்பே நாம் துறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மேற்கு முகப்பின் கற்சிலைகளை மட்டும் அண்ணாந்து பார்த்து வந்தோம். சரக்கு ஏற்றி முடிந்தால் கப்பல் குருவானவருக்கென்று காத்திராது!

பன்னிரண்டாம் நாள் பிற்பகலில் பெர்கன். மழை. பயணிகள் முகவரி பரிமாறி விடைபெற்றனர். நாம் குடையுடன் துறையில் நின்றபோது, பக்கக் கதவின் வழியே மீன்பெட்டிகளை இறக்கி முடித்து, மாவு மூட்டைகளையும் கட்டில் ஒன்றையும் உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தனர். அன்றிரவே அது மீண்டும் வடக்கே புறப்பட வேண்டும்.