இழுத்துப் பிடிக்கிற கை

ஒரு மாசமா இந்தப் பக்கம் வரலை மக்களே. ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. அது இல்லை. அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய், ஆரம்ப நிலை.

அப்பா ஒரகடத்தில் கார் சீட் கவர் தைக்கிற லைனில் இருக்கார். அதுக்கு முன்னாடி ஸ்ரீபெரும்புதூரில் இருபது வருஷம் டெய்லர் கடை. ரெண்டு வருஷமா நெஞ்செரிச்சலை அந்த பிங்க் கலர் மருந்தைக் குடிச்சே ஓட்டினார். (நானும் "சரியாயிடும்ப்பா"ன்னு சொல்லிட்டுப் பொட்டி தட்டிக்கிட்டு இருந்தவன்தான்.)

சென்னையில் எண்டோஸ்கோப்பி பார்த்த டாக்டர், கட்டி உள்சவ்வைத் தாண்டலை, இரைப்பையை வெட்டி எடுக்க வேண்டாம், ஈ.எஸ்.டி. போதும்னார். சவ்வுக்கு அடியில் நீலச் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் ஏத்தி மேடாக்கி, சுத்தி வெட்டி, அடியிலிருந்து ஒரே துண்டா உரிச்சு எடுக்கிறது. 1990-களின் கடைசியில் ஜப்பான்காரங்க கொண்டுவந்த முறை.

சிக்கல் என்னன்னா, எண்டோஸ்கோப்புக்கு ஒரே கை. கத்தி இருக்கு, இழுத்துப் பிடிக்க ஆளில்லை. பாதி உரிச்ச சவ்வு சரிஞ்சு விழுந்து வெட்டுற இடத்தையே மறைக்கும். கொஞ்சம் ஆழமா போனா இரைப்பைச் சுவரில் ஓட்டை.

"இடது கை இல்லாம எப்படி சார் தையல் பிரிப்பீங்க?"ன்னு அப்பா கேட்டுட்டார். டாக்டர் சிரிச்சுட்டார்.

அந்த இடது கை, பல் இடுக்கில் விடுற ஃப்ளாஸ் நூலாம்! சின்ன கிளிப்பில் நூலைக் கட்டி, வெட்டின ஓரத்தைக் கவ்வ வெச்சு, மறுமுனையை வாய் வழியா வெளியே விட்டு மெல்ல இழுக்கணும். சவ்வு தூக்கும், நீல அடுக்கு பளிச்சுனு தெரியும். ஜப்பானில் சுமார் 640 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வைத் தேடிப் படிச்சேன். மொத்தத்தில் நேரம் பெரிசா குறையலை. ஆனா ஓட்டை விழுறது 2.2 சதவீதத்திலிருந்து 0.3 ஆச்சு. இரைப்பையின் மேல், நடுப் பகுதிகளில் பெரிய வளைவில் இருக்கிற கட்டிக்கு மட்டும் 104 நிமிஷம் 57 ஆகியிருக்கு. அப்பாவுக்கும் அதே வளைவுதான்.

இன்னொரு வழி சுரங்கம். மேலேயும் கீழேயும் மட்டும் வெட்டிட்டு, ரெண்டு பக்கத்தையும் ஒட்டினபடி விட்டு, அடியிலேயே குடைஞ்சு போறது. பக்கம் பிடிச்சிருக்கிறதால சவ்வு தொய்யாது, ஏத்தின திரவமும் சீக்கிரம் வடியாது. பக்கங்களைக் கடைசியிலதான் வெட்டுவாங்க. உணவுக்குழாய்க்கு இது தோதாம். "பாவாடைக்கு நாடா கோக்குற மாதிரி"ன்னார் அப்பா.

எடுத்த துண்டை விரிச்சு, குண்டூசி குத்தி லேபுக்கு அனுப்பினாங்க. ஒன்பது நாள் கழிச்சு ரிப்போர்ட். எனக்குக் கை நடுங்குது. அப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"ஓரத்துல பிசிறு இருக்காடா?"

"இல்லப்பா. சுத்தமா இருக்கு. ஆழமும் போகலையாம்."

"அப்ப எப்ப டூட்டிக்குப் போலாம்னு டாக்டரைக் கேளு."