மும்பை நிலையத்தில் கற்ற பாடம்

எங்கள் நாட்றம்பள்ளி, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடிக்கும் பர்கூருக்கும் இடையே உள்ள சிற்றூர். இரவுப் பாடம் முடிந்து மதரஸா வாயிலில் நிற்கையில், லாரிகளின் இரைச்சலுக்கிடையே சிலபோது ஆம்புலன்ஸின் ஓசையும் கேட்கும். விபத்து நடந்த இடத்தில் கூட்டம் கூடுவதுண்டு. ஆனால், அடிபட்டவரைத் தூக்குவோர் சிலரே. 'போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமே' என்ற அச்சம்தான் காரணம். அவ்வச்சத்தால் ஒருமுறை நானும் ஒதுங்கி நின்றவன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

தோல் தொழில் நிமித்தம் மும்பை தாராவியில் வாழும் உறவினரைக் காணச் சென்றபோது, அந்நகரின் சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் சிறிது நேரம் நின்றேன். 2008 நவம்பர் 26 இரவு, பயணிகள் நிறைந்திருந்த அந்தக் கூடத்தில்தான் துப்பாக்கியேந்திய இருவர் கண்மூடித்தனமாகச் சுட்டனர். 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 100க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவர்களில் முஸ்லிம்களும் பலர்.

அந்த நேரத்தில் உதவிக்கு வந்தவர் யார் தெரியுமா? பணியிலிருந்த காவலர்களிடம் இருந்தவை லத்திகளும் பழைய துப்பாக்கிகளுமே. டெல்லியிலிருந்து கமாண்டோ படை வந்து சேர மறுநாள் ஆயிற்று. ஆனால், அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தம் இருக்கையை விட்டு ஓடவில்லை. எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கூறி, எண்ணற்றோரைக் காத்தார். நிலையத்தருகே தேநீர் விற்ற நம் சமுதாய இளைஞர் ஒருவர், காயமுற்றோரைக் கைவண்டியில் ஏற்றி அருகிலுள்ள செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். கொலையாளிகள் அடுத்து நுழைந்த காமா மருத்துவமனையில் செவிலியர் அஞ்சலி குல்தே, கதவுகளை அடைத்து, விளக்குகளை அணைத்து, 20 கர்ப்பிணிகளை ஓர் அறைக்குள் மறைத்துக் காப்பாற்றினார்.

அரசு பின்னர் பாடம் கற்றது. 2009இல் சென்னை உள்ளிட்ட நான்கு நகரங்களில் கமாண்டோ படைத்தளங்கள் அமைந்தன. எனினும், எத்தனை விரைந்து வந்தாலும் படையும் ஆம்புலன்ஸும் வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகத்தானே செய்யும்? அந்தச் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்பவருக்குரியவை. குண்டடி பட்டாலும் லாரி மோதினாலும் வழிந்தோடும் குருதி ஒன்றே, அது காத்திருக்காது.

நம்மைத் தடுத்த அச்சத்திற்கும் இன்று இடமில்லை. சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. தம் பெயரைக் கூறுமாறு அவரை எவரும் வற்புறுத்த இயலாது. நம் மாநிலத்தில் 2008 முதல் 108 சேவை இலவசமாக இயங்குகிறது. 2021இல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை இலவசம்.

ஊர் திரும்பியதும், குருதி பெருகும் காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கையெடுக்காமல் அழுத்திப் பிடிப்பது எவ்வாறு என்பதை மூத்த மாணவர்களுக்குச் செய்து காட்டினேன். ஓர் உயிரைக் காப்பதன் மேன்மையைத் திருமறையின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஓதும் நாம், அதனைக் கைகளாலும் கற்க வேண்டாமா? உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுக்கும் இதனை இன்றே கற்பியுங்கள். அடுத்தமுறை எங்கள் சாலையில் அலறல் கேட்டால், இன்ஷா அல்லாஹ், நான் ஒதுங்கி நிற்கமாட்டேன்.