பழி தேடாத பாம்பு



சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, வாலிபர் கூட்டம் முடிந்த பின் நம் ஆலயத் திண்ணையில் நான்கைந்து பிள்ளைகள் ஒரே கைபேசியைச் சூழ்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தது 2019இல் வந்த 'நீயா 2'. கணினியில் வரைந்த பாம்பு சீறும்போதெல்லாம் சிரிப்பு. நானும் எட்டிப் பார்த்துச் சிரித்தேன். ஒருவன் மட்டும் எழுந்து கைப்பம்பின் பக்கமாய்ப் போய் நின்றான்.

அந்தப் பெயருக்கு உரிய பழைய படத்தை நான் அறிவேன். துரை இயக்கி 1979இல் வெளிவந்த 'நீயா?'வை, அப்பாவுக்குத் தெரியாமல் டூரிங் கொட்டகை மணலில் அமர்ந்து பார்த்தவன் நான். அதுவும் 1976இல் வந்த 'நாகின்' என்ற இந்திப் படத்தின் மறு ஆக்கமே. நண்பர் கூட்டத்தில் ஒருவன் ஆண் பாம்பைச் சுட்டுவிடுகிறான். ஸ்ரீபிரியாவின் உருவில் வரும் பெண் பாம்பு ஒவ்வொருவராய்ப் பழிதீர்க்கிறது. அன்று கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வீடு சேரும்வரை அக்காளின் தாவணி முனையை நான் விடவில்லை. அதே ஆண்டில் அதே துரை 'பசி'யையும் எடுத்துத் தேசிய விருது பெற்றார். எங்கள் ஊரார் நினைவில் நின்றதோ பாம்புதான்.

எழுந்துபோன பிள்ளையின் தகப்பனார் கவரைப்பேட்டைக்கு அப்பால் ஒரு செங்கல் சூளையில் வேலை செய்தவர். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவு, தரையில் படுத்திருந்த அவரைக் கட்டுவிரியன் தீண்டிற்று. அதன் கடியில் பெரும்பாலும் வலியும் வீக்கமும் இரா. பல்தடம்கூடக் கண்ணுக்குத் தப்பும். வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். பிறகு இமைகள் தொங்கின. முந்தைய வாரம் அவர் ஒரு பாம்பை அடித்திருந்தார். "அதன் ஜோடி வந்துவிட்டது" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். பரிகாரம் பேசுவதில் நேரம் போயிற்று. எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் போய் முழங்காற்படியிட்டு நெடுநேரம் ஜெபித்தேன். 108ஐ அழைத்தது அதற்குப் பிறகுதான். வழியிலேயே மூச்சு நின்றது.

பாம்புக்குப் பழி தெரியாது. அடித்தவன் முகத்தை நினைவில் வைத்துத் தேடிவரும் ஆற்றல் அதற்கு இல்லை. இணைசேரும் பருவத்தில் பெண் பாம்பின் வாசனைத் தடத்தைப் பற்றி ஆண் பாம்பு அவ்விடம் வரக்கூடும். எலியிருக்கும் வீட்டுக்கு இன்னொரு பாம்பும் வரும். கணக்கு வைப்பவர்கள் நாம். மெலித்தா தீவில் பவுலின் கையை விரியன் கவ்வியபோது, இவன் கொலைபாதகன், கடல் தப்பவிட்டும் பழி விடவில்லை என்றுதானே அத்தீவார் எண்ணினார்கள்? அவர் சாகாததைக் கண்டதும் தேவன் என்றார்கள். இரண்டும் பிழை. அமெரிக்காவில் சுறாவைக் கொலைகாரனாக்கி 'ஜாஸ்' நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, பிற்காலத்தில் அதற்காக வருந்திச் சுறாக்களைக் காக்கப் பேசினார். நம் பாம்புக்கு அப்படிப் பேசிய படக்காரர் ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் வேறு சிலர் இருக்கிறார்கள். 'நீயா?' வெளிவருவதற்குச் சற்று முன், 1978இல், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கிற்று. தோலுக்காகப் பாம்பைக் கொன்று பிழைத்தவர்கள், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, உயிரோடு மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்தே நச்சுமுறி மருந்து பிறக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரு இருளருக்கு 2023இல் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது. நம் பக்கத்துச் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கிற இருளரின் உறவினர்களே அவர்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் மாண்டவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. மருத்துவமனைக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ!

கைப்பம்பருகே போய் அவன் தோளில் கைவைத்தேன்.

"அந்தப் படத்துல பாம்பு வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கு ஐயா. எங்கப்பாவைக் கடிச்சதுக்கு?"

"காரணம் இல்லை தம்பி. எலியைத் தேடி வந்தது. அவர் புரண்டு படுத்திருப்பார்."

பிறகு, இத்தனை ஆண்டுகள் அவனிடம் சொல்லாததைச் சொன்னேன்: வண்டியை அழைக்குமுன் நான் ஜெபித்துக்கொண்டிருந்ததை. திண்ணையில் மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஐயா?"

"இருபது நிமிஷம்" என்றேன்.