பறி

"இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிறான்" என்பது நாட்டு வழக்கு. மேடையிலே ஒலிக்கிறது, சந்தையிலே ஒலிக்கிறது, திண்ணையிலே ஒலிக்கிறது. சிறியதைக் கொடுத்துப் பெரியதைச் சுருட்டும் சூதைச் சுட்டிக்காட்ட, இதைவிடச் சுருக்கமான சொல் கிடைப்பது அரிது. ஆனால், இந்த வழக்கை எடுத்தாளுவோர் ஒரு கேள்வியை மட்டும் எழுப்புவதில்லை. சுறாவைப் பிடித்தவன் படகுக்காரன், சரி. அந்த இறாலைப் பிடித்தவர் யார்?

சுறாவுக்கு எடை உண்டு, விலை உண்டு, ஏலம் உண்டு. அதைக் கொண்டுவந்து கரையிலே போட்டவனுக்கு ஊரிலே பெருமை உண்டு. இரையைப் பிடித்துக் கொடுத்தவருக்கு என்ன உண்டு? இதற்கு விடை ஏட்டிலே கிடைக்கவில்லை. ஐப்பசி மாதத்துக் கடற்கரையிலே கிடைத்தது நமக்கு.

நாகைக்குத் தெற்கே, ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியதொரு மீனவர் ஊர். அங்கே இளைஞர்கள் அரும்பாடுபட்டு அமைத்த படிப்பகத்தின் திறப்பு விழாவுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் நாம் மூவர் சென்றிருந்தோம். விழா ஒரு மாலைதான். மழையோ நம்மை மூன்று நாள் அங்கேயே நிறுத்தி வைத்தது. மேடையிலே நாம் ஊருக்குச் சொன்னது ஒரு மணி நேரம். ஊர் நமக்குச் சொன்னது மூன்று நாள்!

ஐப்பசிக் கடல், சித்திரைக் கடல் அன்று. ஆசியப் பெருநிலம் குளிரத் தொடங்குகிறது. தென்மேற்குக் காற்று ஓய்கிறது. காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின்மீது தவழ்ந்து வரும் வாடை, வழியெல்லாம் ஈரத்தை வாரிச் சுமந்து வந்து, சோழமண்டலக் கரையிலே கொட்டுகிறது. தமிழகம் ஓராண்டிலே பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான இந்த 3 மாதங்களிலேதான். கடலின் ஓட்டமும் திரும்பிவிடுகிறது. தெற்கிருந்து வடக்கே ஓடிய நீர், வடக்கிருந்து தெற்கே ஓடுகிறது. முன்னதை வன்னி என்றும், பின்னதைத் தெண்டி என்றும் சோழமண்டலக் கரை மீனவர் பெயரிட்டு வைத்திருக்கின்றனர். அவர்களுக்குக் கற்பித்த கல்லூரி எது? கண்ணாலே கண்டனர், துடுப்பாலே உணர்ந்தனர், தந்தை கண்டதை மகன் சரிபார்த்தான், பிறகே பெயரிட்டனர். அறிவியல் என்பது இதன்றி வேறென்ன?

அலை சீறும் இந்த நாட்களிலே சிறு படகுக்காரர்கள் தொலைதூரம் போவதில்லை. முகத்துவாரத்தைச் சுற்றியே தூண்டில் போடுகின்றனர். கலங்கிய நீரிலே கொடுவா பதுங்கியிருக்கும். செத்த இரையைக் காட்டிலும், துள்ளும் இரையைத்தான் அது துரத்தும். எனவே உயிருள்ள சிறுமீன் வேண்டும்: மடவைக் குஞ்சு வேண்டும், கெண்டைக் குஞ்சு வேண்டும். முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னே, முள்ளந்தண்டில் படாமல் தூண்டில் முள்ளைக் கோத்து விட்டால், இரை நீந்திக்கொண்டே இருக்கும். அந்தக் குஞ்சுகளைப் பிடித்துத் தருபவர் ஓர் அம்மையார். வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். கார்த்திகை மாதத்து இரவொன்றிலே கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை. பிள்ளைகள் இரண்டு. மீன் விற்கவும் முதலில்லை. அவருக்கு மிஞ்சியது, தந்தை முடைந்து காட்டிய பறி.

பறியை அறியாத தோழர்களுக்காகச் சொல்லுகிறோம். மூங்கிலைப் பிளந்து, ஈர்க்கு ஈர்க்காகச் சீவி முடைந்த கூடு அது. முழங்கை நீளம் இருக்கும். வாய் அகன்றிருக்கும், உள்ளே செல்லச் செல்லப் புனல் போலக் குறுகி, இரண்டு விரல் நுழையும் துளையாக முடியும். உள்ளே தவிடும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டை. கடல்நீர் ஏறும்போது சிறுமீன்கள் வாய்க்காலுக்குள் வருகின்றன. வற்றும்போது நீரோடு திரும்புகின்றன. திரும்பும் வழியிலே, வாயை வாய்க்கால் பக்கம் காட்டி, கல்லைக் கட்டி, பறியை அமிழ்த்தி வைக்கிறார் அம்மையார்.

"கதவில்லையே, உள்ளே போன மீன் வெளியே வந்துவிடாதா?" என்று கேட்டோம்.

"வராது தம்பி. போன வழி நடுவிலே இருக்கிறது. மீனோ ஓரத்தையே சுற்றிச் சுற்றித் தடவும். நடுவுக்கு வந்து பார்க்கிற புத்தி அதற்கு இல்லை" என்றார்.

பிடிப்பதினும் காப்பது கடினம். பானை நிறைய மீனை அடைத்தால், நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்து எல்லாம் செத்து மிதக்கும். ஒரு பானைக்கு இத்தனைதான் என்று கணக்கு வைத்திருக்கிறார். நாழிகைக்கொரு முறை பாதி நீரை மாற்றுகிறார். "கோடையிலே அரை நாள் தாங்காத குஞ்சு, ஐப்பசியிலே ஒரு நாள் தாங்கும்" என்கிறார். குளிர்ந்த நீரிலே உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருக்கும் என்று பாடநூல் சொல்லுவதும் அதைத்தான்!

இவ்வளவு அறிந்தவரை ஊர் எப்படி நடத்துகிறது? அதையும் கண்டோம். விடியலுக்கு முன்னே பானைகளைச் சுமந்து வந்து, ஒவ்வொரு படகின் அருகிலும் ஒன்றாக வைத்தார். படகுக்காரர்களின் பேச்சுக்குரல் தொலைவிலே கேட்டது. உடனே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பனைகளுக்குப் பின்னே போய் நின்றுவிட்டார்.

"ஏனம்மா ஒதுங்குகிறீர்கள்?"

"கடலுக்குப் போகிற நேரம் தம்பி. தாலி அறுத்தவள் எதிரே நிற்கலாமா?"

படகுகள் புறப்பட்டுப் போயின. பானைகளும் போயின. பணம்? மறுநாள் சிறுவன் ஒருவன் கையிலே வந்தது.

தோழர்களே! அவர் பிடித்த இரை வேண்டும். அவர் முகம் வேண்டாம். அவர் கைபட்ட பானை படகிலே ஏறலாம். அவர் நிழல் படகின்மீது விழலாகாது. தீட்டு அவரிடம் இருந்தால், அவர் தொட்ட மீனிடம் இல்லாமற் போனது எங்ஙனம்? காசு தரும் இடத்திலே சகுனம் கண்ணை மூடிக்கொள்கிறது. கண்ணீர் விடும் இடத்திலே மட்டும் கண்ணைத் திறந்து பார்க்கிறது! விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856ஆம் ஆண்டிலே. மறுமணத்துக்கும் பெண்களின் சொத்துரிமைக்கும் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது 1929இலே. சட்டம் ஏட்டிலே ஏறிவிட்டது. தீர்மானம் வரலாற்றிலே ஏறிவிட்டது. பனைமரத்துக்குப் பின்னே நிற்பவர் மட்டும் இன்னும் வெளியே வரவில்லை.

ஒருவரை ஒதுக்கினால் அவருக்கு மட்டுந்தானா இழப்பு? மூன்றாம் நாள் அதற்கும் விடை கிடைத்தது. மழை விட்டிருந்தது. காற்று ஒரு சிறிதும் இல்லை. கடலுக்கு ஏற்ற நாள் என்று படகுகளைத் தள்ளத் தொடங்கினர். அம்மையார் நம்மிடம் மெல்லச் சொன்னார்: "காற்றில்லை, ஆனால் அலை நெடிதாக வருகிறது பாருங்கள். வற்ற வேண்டிய நேரத்திலே வாய்க்காலில் நீர் வற்றவில்லை. எங்கோ கெட்டிருக்கிறது கடல்." அதை அவர்களிடம் சொல்லலாமே என்றோம். "நான் சொன்னால் அபசகுனம் என்பார்கள்" என்றார்.

அவர் கண்டது மந்திரமன்று. தொலைவிலே சுழலும் புயல், தான் வரும் முன்னே நெடிய அலைகளை அனுப்பிவிடுகிறது. புயல் நகரும் வேகத்தைக் காட்டிலும் அவ்வலைகள் விரைந்து ஓடுகின்றன. காற்றில்லாத கரையிலே நெடிய அலை கண்டால், கடலுக்கு அப்பால் காற்று உண்டென்று பொருள். படிப்பகத்து இளைஞன் ஒருவன், தானும் படகோட்டுபவன், அவர் சொன்னதைக் கேட்டான், படகை நிறுத்தினான், கைபேசியிலே வானிலைச் செய்தியைத் தேடினான். தாழ்வு மண்டலம் பற்றிய அறிவிப்பு இருந்தது. மாலைக்குள் துறைமுகத்திலே எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. ஊர் ஒலிபெருக்கி அழைத்தது. அவன் பேச்சைக் கேட்டுப் படகை ஏற்றி வைத்தவர்கள் வீட்டிலே இருந்தனர். போனவர்கள் இருவர், தூண்டில்களை அறுத்துக் கடலிலே விட்டுவிட்டு, நனைந்து நடுங்கித் திரும்பினர். உயிருக்குச் சேதமில்லை.

ஊரார் சிலர், "அந்த அம்மாள் முகம் இராசியான முகம்" என்று பேசத் தொடங்கினர். நாம் அதற்கும் உடன்படவில்லை. நேற்று இராசியற்ற முகம், இன்று இராசியுள்ள முகமா? நாளை மீன் படாமற்போனால் மீண்டும் பனைக்குப் பின்னேயா? கைம்பெண்ணைக் கண்டால் கேடு என்பது மூடநம்பிக்கை. கைம்பெண்ணைக் கண்டால் நலம் என்பதும் அதே மூடநம்பிக்கையின் மறுபக்கம். அவர் முகத்தால் புயல் வருவதுமில்லை, அவர் முகத்தால் புயல் விலகுவதுமில்லை. அவரிடம் இருப்பது முகராசி அன்று, அறிவு. அறிவுக்கு உரிய மதிப்பைக் கேட்கிறோம். அருளுக்கு உரிய கும்பிடை அன்று.

கடலிலே கேடு விளைவது எதனால்? 1964 டிசம்பர் 22 இரவிலே தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியதே, பயணிகளோடு ரயிலையும் சேர்த்து விழுங்கியதே, எந்தக் கைம்பெண் எதிர்ப்பட்டதால்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கியது. எச்சரிக்கை வெளியாகும் முன்னரே, ஆழ்கடலில் தூண்டில் போடச் சென்றிருந்தோர் பலர். கைபேசிக் கோபுரத்தின் எல்லை கரையிலிருந்து சிறு தொலைவோடு முடிந்துவிடும். அதற்கப்பால் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. எத்தனையோ பேர் கரை திரும்பவில்லை. வெப்பம் 26 பாகையைத் தாண்டிய கடல்நீர், சுழலும் காற்று, காலம் தாழ்ந்த அறிவிப்பு, செய்தி எட்டாத படகு: இவை காரணம். நாள் பார்த்ததில் பிழையில்லை. கோள் பார்த்ததில் பிழையில்லை. காரணம் பார்க்காததே பிழை.

இந்தியாவில் வானிலை ஆய்வுத்துறை 1875இலேயே அமைக்கப்பட்டது. துறைமுகங்களிலே பகலிலே கூண்டும், இரவிலே சிவப்பு வெள்ளை விளக்குகளும் ஏற்றிப் புயலை அறிவிக்கும் முறை நெடுநாளாக உண்டு. இன்றோ விண்ணிலிருந்து கோள் படம் பிடிக்கிறது. அந்தச் செய்தி ஆழ்கடலில் மிதக்கும் கடைசிப் படகுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பது நம் கோரிக்கை. அந்தச் செய்தியோடு, வாய்க்கால் ஓரத்திலே நீரைப் படித்தவரின் சொல்லும் ஊர் மன்றத்திலே ஏறவேண்டும் என்பதும் நம் கோரிக்கை.

1860இல் சென்னையிலே மீனவக் குடும்பத்திலே பிறந்தவர் சிங்காரவேலர். 1923 மே முதல் நாளன்று, இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாள் விழாவைச் சென்னைக் கடற்கரையிலே கொண்டாடியவர். அவரே பின்னர் 'குடி அரசு' ஏட்டிலே, அறிவியலையும் பகுத்தறிவையும் எளிய தமிழிலே எழுதினார். உழைப்பவனுக்குக் கூலி உயர்ந்தால் மட்டும் போதாது, அவன் உள்ளத்திலே கட்டிய கட்டும் அறவேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று. ஏலக்காரன் கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, அவன் சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்கிற மீனவன், தானும் ஒரு பறியிலே சிக்கியவன்தான். பறிகொடுத்துக்கொண்டே இருக்கிற அவன், தன்னினும் எளியவளைப் பனைக்குப் பின்னே தள்ளுவதிலே ஆறுதல் காண்கிறான். ஆதிக்கக்காரன் விரும்புவதும் இதுதான். ஒதுக்கப்பட்டவன் ஒதுக்கக் கற்றுக்கொண்டால், மேலே இருப்பவனுக்குக் காவல் எதற்கு?

பறிக்குப் பூட்டில்லை. சாதிக்குப் பூட்டில்லை, சகுனத்துக்கும் பூட்டில்லை. உள்ளே வந்த வழி திறந்தே கிடக்கிறது. மீன் ஓரத்தைத் தடவுகிறது. மக்களும் ஓரத்தையே தடவுகின்றனர். இந்த நாள் ஆகாதென்றால் அடுத்த நாள், இந்தப் பரிகாரம் பலிக்கவில்லையென்றால் இன்னொன்று, இந்தக் கயிறு அறுந்தால் வேறு நிறக் கயிறு! நடுவிலே திறந்திருக்கும் வழி ஒன்றுதான். "ஏன்?" என்று கேட்பதே அந்த வழி. மீனுக்கு அந்த வழி தெரியாது. மனிதனுக்குத் தெரியும், தெரிந்தும் தயங்குகிறான்.

இளைஞர்களே! கடற்கரை ஊர்களிலே படிப்பகம் திறவுங்கள். அங்கே வானிலைச் செய்தியை நாள்தோறும் எழுதி வையுங்கள். அதன் பொருளை விளக்கிச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலும் பனைக்குப் பின்னே ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் வைத்துவிட்டுப் போன பானையை எடுக்காதீர்கள். அவர் கையிலிருந்து வாங்குங்கள். விடியலிலே, நாலு பேர் பார்க்க, காசையும் அவர் கையிலேயே கொடுங்கள். அந்த நாளிலே மீன் நிறையப் பட்டாலும் படலாம், படாமலும் போகலாம். அது தெண்டியும் வாடையும் செய்யும் வேலை. பனைக்குப் பின்னே நிற்பவரை வெளியே அழைப்பது நாம் செய்யவேண்டிய வேலை.