எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி

கல்யாணம் வருகிறதென்றால் உங்கள் வீட்டிலும் பூவாடைக்காரிக்குப் படைப்பீர்கள், அல்லவா? எங்கள் வீட்டில் அந்தப் பெருமை என் மாமனாரின் தாயாருக்கு. சுமங்கலியாகப் போன புண்ணியவதி!

அவள் புருஷர் கரும்புத் தோட்ட வேலைக்கென்று நேட்டாலுக்குக் கப்பலேறியபோது என் மாமனார் வயிற்றில் இருந்தார். ஐந்து வருஷ ஒப்பந்தம். போனவர் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. பொட்டை அழிக்கச் சொன்ன உறவினரிடம், "செத்ததை யார் பார்த்தீங்க?" என்று கேட்டாளாம் அந்த மகராசி. அப்பர் பெருமானைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டும் கரையேறிய ஊர் எங்கள் திருப்பாதிரிப்புலியூர். நம்பிக்கைக்குக் கேட்பானேன்?

சென்ற வருஷம் என் பேரனுக்கு அவரைத் தேடும் ஆசை வந்தது. 1860-லிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் எல்லாம் பதிவேட்டில் உண்டு. இப்போது அவற்றைக் கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் ஊர்ப் பெயரை நம்மவர்களே ஒழுங்காகச் சொல்வதில்லை. காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதிய குமாஸ்தா என்ன செய்வான்? பேரன் எத்தனையோ விதமாக எழுத்துக் கூட்டிப் பார்த்தான்.

ஒரு நாள் இரவு, "பாட்டி, இவர் நெத்தியில தழும்பு உண்டா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏற்றத்திலிருந்து விழுந்த தழும்பு என்று மாமியார் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! தகப்பன் பெயரும் சரியாக இருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். அதே நம்பரை வைத்துக்கொண்டு மரணப் பதிவையும் தேடிப் பிடித்துவிட்டான். கப்பலேறிய நான்காம் வருஷமே, காய்ச்சலில். அதற்குப் பிறகு இவள் முப்பது வருஷம் இருந்திருக்கிறாள், பூவும் பொட்டுமாக.

பேத்தி கல்யாணத்துக்குப் பத்தே நாள். மருமகள் மெல்ல வந்து, "அத்தை, அப்போ இந்தத் தடவை படைக்கிறதா, வேண்டாமா?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனால் உயிரோடு இருந்தபோது ஊரே சொல்லி அவள் அழிக்காத பொட்டை, ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழிப்பதா?

மறுநாளே கடைக்குப் போய் அரக்குச் சிவப்பில் புடவை எடுத்து வந்தேன். வழக்கத்தைவிட விலை கொஞ்சம் அதிகந்தான்.

அவருக்கு ஆடி அமாவாசையன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விட்டாயிற்று. பேர் சொல்லி விட்டது இதுதான் முதல் தடவை.